நீலச் சட்டைக்குக் கேட்கும்படி

எங்கள் மலையில் யாரும் மெல்லப் பேச மாட்டோம். இந்தச் சரிவில் வீடு, எதிர்ச் சரிவில் சாமைக் கொல்லை, நடுவே பள்ளம். கொல்லையில் பன்றி இறங்கினால் இங்கிருந்து கத்தித்தான் அங்கே காவல் இருப்பவரை எழுப்ப வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. வெறுமனே "ஐயோ" என்று அலறினால் யார், எந்தப் பக்கம் ஓடுவார்கள்? யாருக்கு, எங்கே, என்ன என்று சொல்லிக் கத்த வேண்டும்.

திருப்பத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் அடங்கியது என் குரல்தான். "வந்தவங்க பயந்துடப் போறாங்கம்மா" என்றார் முதலாளி. நானும் குழைந்து பேசப் பழகினேன். அந்த வேலை எனக்கு உயிர். அம்மாவுக்கோ நான் தினம் கீழே போய்வருவதே பிடிக்காது. "ஏதாச்சும் ஒண்ணு என் காதுல வுழுந்துச்சு, அன்னிக்கோட வேல நின்னுச்சு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் எங்கள் மலைக்கு ஏறும் புதூர்நாடு ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தேன். முதல் வளைவிலேயே பக்கத்து ஆளின் கை என் இடுப்புக்கு வந்தது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணா" என்றேன், கடைக்குரலில். கை இன்னும் இறுகியது. அம்மா சொன்னதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அதுவும் அடுத்த வளைவு வரைக்கும்தான். அப்புறம் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யோவ் நீலச் சட்ட, என் இடுப்புலேர்ந்து கைய எடு."

பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஜீப்பில் நீலச் சட்டை ஒன்றுதான். எல்லாக் கண்ணும் அதன்மேல் போனது.

"கூட்டத்துல பட்டிருக்கும்மா" என்று முணுமுணுத்தான்.

"பட்ட கை தானா போயிடும். நீ புடிச்ச" என்றேன், குரலை இறக்காமல்.

மடியில் பலாப்பழத்தோடு எதிரே இருந்த அக்கா, "எறங்குய்யா" என்றாள். டிரைவரும் அதையே சொன்னார். மலைப்பாதையில் அவன் இறங்கி நடக்க வேண்டி வந்ததற்கு எனக்கு இரக்கமே வரவில்லை.

சேதி எனக்கு முன்னால் போனில் ஏறிப் போய்விட்டது. வாசலில் அம்மா நின்றிருந்தாள். வேலை போச்சு என்றே முடிவு கட்டினேன். அப்போதும் கத்தியது தப்பு என்று தோன்றவில்லை.

"கத்துனியாமே?"

"ஆமா."

"ஜீப்புல எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

அம்மா என் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

"நீ வாயத் தொறக்க மாட்டியோன்னுதான் இத்தினி நாளா பயந்துனு இருந்தேன்" என்றாள். "சோறு துன்னுட்டுப் படு. காலையில ஜீப்ப வுட்டுடாத."