கால் நனையாத மூப்பர்

சைக்கிளில் ஏறுவதற்கு முன் பிங்கம் தன் கறுப்புத் துபெனு வேட்டியின் முனையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகுவான். அதன்மேல் இந்த ஊர் வழக்கப்படி இடுப்பில் சுற்றியிருக்கும் கோரைப்பாயை, உட்காரும்போது குத்தாதபடி பின்னால் தள்ளுவான். கழுத்துப்பட்டியை வெள்ளைச் சட்டையின் பித்தான்களுக்கு நடுவே திணிப்பான். தலைக்கவசத்தின் வாரை மாட்டுவான். கடைசியாக மார்பைத் தட்டிப் பார்ப்பான், பெயர்ப்பட்டை இருக்கிறதா என்று. இத்தனையும் முடித்துக் காலைத் தூக்கி ஏறினால், செருகிய முனை அவிழ்ந்து சங்கிலியில் மாட்டும். இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஹாபாய்த் தீவுக்கூட்டத்தின் இந்தக் கிராமத்துக்கு வந்த பத்து மாதமாக இது ஒரு நாளும் தவறியதில்லை.

"மூப்பரே, அதுக்கு நடந்தே போயிடலாமே!" என்று வேலியோரப் பெண்கள் சிரிப்பார்கள்.

மூப்பர் என்றுதான் பெயர்ப்பட்டையிலும் இருக்கிறது. வயது இருபத்தொன்று. மேலுதட்டில் இருப்பதை மீசை என்று சொல்ல வேண்டுமானால் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் யூட்டா பக்கம், மழை பெய்தால் வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிற ஊர் அவனுடையது. மார்மன் சபைப் பிள்ளைகள் அந்த வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, அனுப்புகிற இடத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஊழியம் செய்வார்கள். பிங்கத்தை டோங்காவுக்கு அனுப்பினார்கள். இந்த ஊர் நாக்குக்கு எந்தச் சொல்லும் உயிரெழுத்தில் முடிந்தாக வேண்டும். அதனால் முதல் நாளே அவன் பிங்கமு ஆகிவிட்டான்.

அவனோடு எப்போதும் இன்னொரு மூப்பர் இருப்பான். ஹவேயா, தலைநகர்த் தீவுக்காரன், வயது பத்தொன்பது. கூட்டாளியைக் கண்ணில் படாத தூரத்துக்கு விடக்கூடாது என்பது சட்டம். ஹவேயாவுக்குச் சட்டப் புத்தகம் மனப்பாடம். பிங்கம் கொய்யா மரத்தில் ஏறினால், "மரம் ஏறுறதப் பத்திப் புத்தகத்துல ஒண்ணும் இல்ல, ஆனா எறங்கிடுங்க" என்பான். வாராவாரம் மிஷன் தலைவருக்கு எழுதும் கடிதத்தில் தன் குறைகளை எண் போட்டு எழுதுகிற ஆள். சென்ற மாதம், காலை ஜெபத்தில் தூங்கிவிட்டேன் என்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்தான்.

அந்தப் புத்தகத்தில் ஊருக்கே பிடித்த சட்டம் ஒன்று உண்டு. மூப்பர்கள் கடலில் நீந்தக் கூடாது. குளத்தில் கூடாது, கிணற்றில் கூடாது, எங்கேயும் கூடாது. பள்ளி நீச்சல் குழுவில் இருந்த பையன் பிங்கம். மல்லாந்து நீந்துவதில் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தவன். அவனைக் கொண்டுவந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில் போட்டு, காலை நனைக்காதே என்றால் என்ன செய்வான், பாவம். கடற்கரைச் சாலையில் போகும்போது சைக்கிள் தானாக மெதுவாகும். தண்ணீர் வடிந்த நேரத்தில் ஊர்ப் பன்றிகள் வரிசையாகக் கடலுக்குள் இறங்கி, வயிறு நனைய நின்று சிப்பி கிளறும். பிங்கம் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று அவற்றைப் பார்ப்பான்.

"பன்னிங்களப் பாத்துப் பொறாமப்படறது பாவமா மூப்பரே?" என்று படகில் வலை அலசிக்கொண்டே லோபெத்தி கேட்பார்.

"பாவமான்னு பாத்துச் சொல்றேன் மாமா" என்பான் பிங்கம்.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள், அம்மாவோடு கைபேசியில் பேசும் நாள். தென்னைகளுக்குப் பின்னால் தெரியும் நீலத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "குடுத்துவெச்சவன்டா நீ, கடற்கரையிலயே குடியிருக்கே" என்பாள். "ஆமாம்மா" என்பான். நீந்தக் கூடாது என்பதை அவன் அம்மாவிடம் சொன்னதே இல்லை. சொன்னால் வருத்தப்படுவாள்.

வியாழக்கிழமைச் சாப்பாடு லோபெத்தி வீட்டில். அவர் மனைவி லேசியெலி சேப்பங்கிழங்கு இலையில் டின் மாட்டிறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் வைத்து மூட்டை கட்டி மண்ணடுப்பில் வேகவைப்பாள். பிங்கம் இரண்டு மூட்டை சாப்பிட்டால் அவளுக்கு முகம் வாடிவிடும். "உங்கம்மா என்னப் பத்தி என்ன நெனப்பா? எலும்பா அனுப்பிட்டான்னு சொல்ல மாட்டாளா?" என்று மூன்றாவதைத் தட்டில் தள்ளுவாள். வந்தபோது கட்டிய பாயின் கயிறு இப்போது அவன் இடுப்புக்கு எட்டுவதில்லை.

லேசியெலி சபையில் பிறந்தவள். லோபெத்தி அப்படியில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார், நாற்காலி தூக்குவார், கூரை ஒழுகினால் ஏறுவார். ஞானஸ்நானம் மட்டும் வாங்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 'காய்ந்த மார்மன்' என்று ஒரு பெயர் உண்டு. இருபத்தாறு வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தார். எத்தனையோ ஜோடி மூப்பர்கள் அவர் வீட்டில் தின்று, பாடம் சொல்லி, மாற்றலாகிப் போனார்கள். "நான் பொழுதன்னைக்கும் தண்ணிக்குள்ளதான் கெடக்கேன், இன்னும் என்னத்த நனைக்கப் போறீங்க?" என்று கேட்டுச் சுருட்டைப் பற்றவைப்பார். சுருட்டை விடாதவருக்குச் சபையில் ஞானஸ்நானம் கிடையாது.

பிங்கத்தின் கதையோ இன்னும் மோசம். இரண்டு வருஷத்தில் அவன் கையால் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. பாடம் சொல்லாமல் இல்லை. அவன் உயிரைக் கொடுத்துப் பாடம் சொல்லி முடித்ததும் அவனை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். அடுத்த வாரம் அங்கே வந்து இறங்குகிற புதிய மூப்பர் போட்டோவில் ஈரத்தலையோடு சிரிப்பான். நான்கு முறை இப்படி ஆயிற்று. ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது பிங்கம் அந்த ஆசையையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான்.

அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில் லோபெத்தி சொன்னார். "சுருட்ட விட்டு ஏழு வாரமாச்சு. இவகிட்டகூடச் சொல்லல. போறதுக்கு முன்னாடி என்ன நனச்சுட்டுப் போ மூப்பரே."

லேசியெலியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏன் மாமா திடீர்னு?" என்றான் பிங்கம். என்ன பாடம் அவரை அசைத்தது என்று தெரிந்துகொள்ள ஹவேயா நோட்டைத் திறந்தான்.

"பாடமெல்லாம் இல்ல. பத்து மாசமா பாக்குறேன், இந்தப் பய கடலப் பாக்குற பார்வைய. நாய் எலும்பப் பாக்குற மாதிரி பாக்குறான். யாரும் இல்லாதப்பகூடக் கால வெச்சதில்ல. இவனால இத்தன பெரிய கடல விட முடியுது, என்னால ஒரு சுருட்ட விட முடியாதான்னு தோணிச்சு."

பிங்கத்துக்குக் காது வரை சிவந்துவிட்டது. இரண்டு வருஷமாக அவன் செய்ததிலேயே வேலைக்கு ஆனது, செய்யாமல் இருந்த ஒன்றுதான்.

"ஒண்ணு மட்டும்" என்றார் லோபெத்தி. அவர் முப்பது வருஷமாக முங்கி இறால் பிடிக்கிறவர். "ஒரு எடத்துல ரெண்டு தடவ முங்கி வெறுங்கையா வந்தா மூணாவது நான் முங்குறதில்ல. வேணாம்னு கடல் சொல்லிடுச்சுன்னு அர்த்தம். எங்கண்ணன் மூணாவது முங்கினான். அவன் பேரத்தான் படகுல எழுதியிருக்கேன்."

மூன்று மாதமாக மழையில்லாமல் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டி வறண்டு கிடந்தது. அதனால் அடுத்த வாரச் சனிக்கிழமை காலை, தண்ணீர் ஏறும் நேரத்தில், கடலிலேயே என்று முடிவாயிற்று. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பிங்கத்துக்கு விமானம். அந்த ஒரு வாரமும் அவன் கூடத்தில் ஹவேயாவைத் தண்ணீரில் முக்குவதுபோல மல்லாக்கச் சாய்த்துச் சாய்த்துப் பழகினான். சொல்ல வேண்டிய வாசகத்தைச் சைக்கிளில் பன்றிகளிடம் சொல்லிக்கொண்டே போனான். ஆனால் ஹவேயா அறுபது கிலோ, லோபெத்தி நூற்று ஐம்பது.

சனிக்கிழமை ஊரே கரையில் நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, வெள்ளைக் கால்சட்டையோடு பிங்கம் தண்ணீருக்குள் நடந்தான். முழங்கால் நனைந்தபோது ஒரு கணம் நின்றுவிட்டான். கரையில் யாரோ சிரித்தார்கள். இடுப்பளவு ஆழத்தில் இருவரும் நின்றார்கள். முழு உடம்பும் தண்ணீருக்குள் போனதா என்று பார்க்க இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் ஊர்ச் சபையை நடத்துகிற பிஷப். இன்னொருவராக நிற்பேன் என்று லேசியெலி பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

பிங்கம் வலது கையை உயர்த்தி வாசகத்தைப் பிசகாமல் சொன்னான். லோபெத்தியைச் சாய்த்தான். பெரிய உடம்பு உள்ளே போனது. வலது காலின் கட்டைவிரல் மட்டும் மேலே வந்து எட்டிப் பார்த்தது.

"வெரலு! வெரலு வெளிய!" என்று கத்தினாள் லேசியெலி.

பிஷப் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு அவ்வளவா தெரியலயே..."

"எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் அவள். இருபத்தாறு வருஷம் காத்திருந்தவள், ஒரு விரலைக் காய விடத் தயாராக இல்லை.

இரண்டாம் முறை, முழங்காலை மடக்கச் சொல்லிவிட்டுச் சாய்த்தான். கால் உள்ளே போனது, வயிறு வெளியே வந்தது. சட்டை காற்றில் உப்பி அந்த வயிற்றின்மேல் நின்றது. இந்த முறை லேசியெலி கத்தவில்லை. பிஷப் அவளைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "வயிறு" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

லோபெத்தி எழுந்து முகத்தை வழித்தார். "ரெண்டாச்சு மூப்பரே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கரையைப் பார்த்து நடந்தார்.

பிங்கம் அவர் பின்னால் இரண்டு எட்டு வைத்தான். எந்த வசனத்தைச் சொல்லி நிறுத்துவது என்று தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறு.

"மாமா, நில்லுங்க! சாயறதுக்கு முன்னாடி மூச்ச இழுத்தீங்களா?"

"இழுக்காம? முப்பது வருஷமா அப்படித்தான முங்குறேன்."

"அதான் மெதக்குறீங்க. உங்கள யாரும் வேணாங்கல. காத்துதான் தூக்குது. மூச்ச வெளிய விட்டுட்டுப் படுங்க."

லோபெத்தி திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "காத்து இல்லாம நான் தண்ணிக்குள்ள போனதில்ல. காத்து இல்லாமப் போனவன் எங்கண்ணன்."

ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவர் பயந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள்.

"பாருங்க" என்றான் பிங்கம். மூச்சை முழுக்க ஊதி வெளியே விட்டான். அப்படியே நேராகக் கீழே போய் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

கரையில் ஒரே சத்தம். "மூப்பர் முங்கிட்டாரு! பிங்கமு முங்கிட்டாரு!" தெளிந்த தண்ணீருக்குள், கழுத்துப்பட்டி முகத்துக்கு நேரே ஆட, கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான் அவன். லோபெத்தி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிங்கம் வேண்டிய நேரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தான்.

கரையில் துண்டோடு நின்ற ஹவேயாவுக்கு முகம் வெளுத்திருந்தது. பிஷப் அவன் பக்கம் சாய்ந்தார். "நீந்தக் கூடாதுன்னுதான இருக்கு? உக்காரக் கூடாதுன்னு இருக்கா?"

ஹவேயா உண்மையாகவே யோசித்தான். "இல்ல பிஷப். உக்கார்றதப் பத்தி இல்ல."

"ஒண்ணுமில்ல மாமா" என்றான் பிங்கம், மூச்சு வாங்கிக்கொண்டே. "நான் புடிச்சிருப்பேன். விட மாட்டேன்."

லோபெத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வருஷம் கட்டிக் காத்தத எனக்காக நனச்சுட்டியே, பாவி" என்றார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்தார். "சரி வா. காத்தோட ரெண்டு தடவ. காத்தில்லாம இது மொதல் தடவதான்."

பிங்கம் மறுபடி வலது கையை உயர்த்தி வாசகத்தைச் சொன்னான். லோபெத்தி கண்ணை இறுக மூடி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் ஊதினார். பிங்கத்தின் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் தோல் கன்றிவிட்டது. சாய்ந்தார். தலை போனது, வயிறு போனது, முழங்கால் போனது, விரல்கள் பத்தும் போயின. தண்ணீர் அவர்மேல் மூடிக்கொண்டது. பிஷப் லேசியெலியைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

லோபெத்தி எழுந்ததும் செய்த முதல் காரியம், பிங்கத்தைத் தூக்கி நெஞ்சோடு நசுக்கியது. பிறகு கரைக்கு நடந்தார். லேசியெலி உடுத்திய உடையோடே தண்ணீருக்குள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். எல்லோரும் அந்த இருவரையும் சூழ்ந்துகொண்டு தென்னைகளின் பக்கம் நகர்ந்தார்கள்.

தண்ணீரில் பிங்கம் மட்டும் இருந்தான். இடுப்பளவு ஆழத்தில் நின்று, கன்றிப்போன மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். வேலை முடிந்துவிட்டது, ஏறி வர வேண்டும். ஏறவில்லை. கரையில் காத்திருந்த ஹவேயாவைப் பார்த்தான்.

ஹவேயாவும் அவனைப் பார்த்தான். கையிலிருந்த துண்டைப் பார்த்தான். அது ஏற்கனவே மடித்திருந்த துண்டுதான். அதை உதறி விரித்து, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மறுபடி மெதுவாக மடிக்க ஆரம்பித்தான்.

பிங்கம் மல்லாந்து சாய்ந்து, இரண்டு கால்களையும் மணலிலிருந்து எடுத்தான்.