மருந்துக்குப் படியாத கிருமி

2013ஆம் ஆண்டு, குளிர் தொடங்கியிருந்த நேரம். என் மனுசனுக்கு இடது பக்கம், அடிவயிற்றில் நோ. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில், டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர் அவர். முதுகு நோ, கால் நோ என்று ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் நின்றதில்லை. அப்படிப்பட்டவர் எங்கள் குடும்ப டொக்டருக்கு முன்னால் கதிரையில் நேராக இருக்க முடியாமல் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தார்.

டொக்டர் இவருடைய சேட்டைக் கழற்றச் சொல்லாமல், அதற்கு மேலாலேயே வயிற்றை ஒருக்கால் அமத்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கட நாட்டு ஆக்களுக்கு எப்பவும் எல்லா இடமும் நோகும், என்ன?"

ஓர்லிகோனில் ஒரு பேக்கரியில் நாள் முழுக்க ஜெர்மன் கதைத்து விற்கிறவள் நான். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது.

"இரத்தம் சோதிச்சுப் பாக்க மாட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"தேவையில்லை. மன அழுத்தம்தான்."

நோவுக்கு ஒரு குளிசை எழுதித் தந்தார். வெளியே வந்ததும் அந்தத் துண்டைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டேன். இவர், "விடும். நாளைக்கு வேலை இருக்கு" என்றார்.

அந்தக் கிழமையே மச்சாள் வந்தா. இவருடைய அக்கா. கோடையில் ஒரு கலியாணத்துக்கு எல்லாரும் யாழ்ப்பாணம் போய் வந்திருந்தோம். வரும்போது மச்சாள் தன் பையில் ஒரு பக்கம் முழுக்கக் குளிசைகள் நிரப்பிக்கொண்டு வந்திருந்தா. அங்கே சில பாமசிகளில் பேரைச் சொன்னாலே போதும், டொக்டர் எழுதின துண்டு கேட்கமாட்டார்கள்.

"தம்பி, இதைப் போடு. அன்டிபயோட்டிக். சளிக்கும் கேக்கும், வயித்துக்கும் கேக்கும்."

"மச்சாள், என்ன வருத்தமெண்டே தெரியாமல் குடுக்காதேங்கோ."

"நீ சும்மா இரு. நாங்கள் எல்லாரும் போடுறதுதானே."

இவர் போட்டார். நோ கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். மச்சாள் தொலைபேசியில் "பாத்தியோ?" என்று சிரித்தா. நோ திரும்பி வந்தது. மிச்சத்தையும் போட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, முகம் மழித்துக்கொண்டு நின்றவர் குளியலறையில் மடிந்து விழுந்தார். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. "தொடாதையும், தொடாதையும்" என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பேனையால் ஒரு கடதாசியில் குடலை வரைந்து காட்டினா. குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள் மாதிரிப் புடைத்திருக்கிறதாம். அதில் ஒன்று அழன்று வெடித்து, உள்ளே இருந்த ஊத்தை வயிறு முழுக்கப் பரவியிருக்கிறதாம்.

"இப்பவே திறக்க வேணும். காத்திருக்க ஏலாது."

திறந்தார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மலம் போக வயிற்றிலேயே ஒரு வழி வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். கண் விழித்தபோது இவர் அந்தப் பையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மருந்து நரம்பில் ஏறிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. திரும்பவும் வயிற்றைத் திறந்து சீழைக் கழுவினார்கள். அதற்குப் பிறகுதான், வயிற்றிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவு வந்தது. கிருமிகளுக்கென்றே ஒரு டொக்டர் வந்தா. நரைத்த தலை, பொறுமையான குரல்.

"வழக்கமாக் குடுக்கிற மருந்துகளை இந்தக் கிருமி உடைச்சுப் போடுது. அதாலதான் காய்ச்சல் இறங்கேல்லை. வேற வழி இல்லாத நேரத்துக்கெண்டு வைச்சிருக்கிற மருந்தை இண்டைக்குத் தொடங்குறம். இவர் இதுக்கு முதல் என்ன அன்டிபயோட்டிக் எடுத்தவர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மச்சாள் தந்ததை. கோடைப் பயணத்தை. அதே வருடத்தில் எங்கள் குடும்ப டொக்டர் வெறும் இருமலுக்கு இரண்டு தரம், எதையும் சோதிக்காமல் எழுதித் தந்த அன்டிபயோட்டிக்கை.

"அப்ப இது எங்கயிருந்து வந்தது?"

"சொல்ல ஏலாது. பயணத்தில தண்ணி, சாப்பாட்டோட வந்திருக்கலாம். இங்கயே தொத்தியிருக்கலாம். தேவையில்லாமல் மருந்து எடுக்கேக்கை மெலிஞ்ச கிருமியள் சாகும். மருந்துக்குப் படியாதது மிஞ்சி இடத்தைப் பிடிச்சுக்கொள்ளும்."

உள்ளதைத்தான் சொன்னா. ஆனாலும் அவவிலும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, நேரே போய்க் கழுத்தைப் பிடிக்க. அப்படி ஒரு ஆளை அவ காட்டித் தரவில்லை.

இவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிற எல்லாரும் மஞ்சள் அங்கி, கையுறை. மச்சாள் வந்து வாசலில் நின்றா. அங்கியைக் கையில் வாங்கினா, ஆனால் போடவில்லை.

"இது எங்களுக்கும் தொத்துமோ?"

அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் வெடித்தது.

"தொத்துமோவோ? நீங்களும் நானும் போய் வந்தனாங்கள்தானே. எங்கட வயித்திலயும் இப்பவே இருக்கலாமாம். இவருக்கு வெடிச்சுது, எங்களுக்கு வெடிக்கேல்லை. அவ்வளவுதான். பேர் தெரியாத குளிசையை இனிப்பு மாதிரிப் பங்கிட்டனீங்கள்!"

"என்ர தம்பியைக் கொல்லவோ குடுத்தனான்?" என்று அவ வாய்விட்டு அழுதா. ஒரு நேர்ஸ் ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா. நான் குரலைக் குறைத்தேனே தவிர, ஆறுதல் சொல்லப் போகவில்லை.

ஆனால் ட்ராமில் வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். மச்சாள் ஏன் ஊரிலிருந்து குளிசை காவிக்கொண்டு வருகிறா? பல வருடமாக உணவகங்களில் பாத்திரம் கழுவியவ அவ. லீவு கேட்கப் பயம். டொக்டரிடம் போனால் சிரித்து அனுப்புவார் என்பது அனுபவத்தில் தெரியும். யோசிக்க யோசிக்கக் கோபம் குறையவில்லை, கூடித்தான் போனது. இப்போது அது ஒரு ஆளில் மட்டும் நிற்க மாட்டேன் என்றது.

புது மருந்து கேட்டது. காய்ச்சல் விட்டது. இவர் முதன்முதல் ஒரு கரண்டி சூப் குடித்தபோது நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். மஞ்சள் அங்கிக்குள் வேர்த்து நின்றுகொண்டு அவரையும் ஏசினேன்.

"வயிறு வெடிக்கும் வரைக்கும் வேலை, வேலை! நீங்கள் செத்துப் போயிருந்தால் உங்கட கொம்பனிக்காரனோ வந்து என்னோட இருப்பான்?"

"அந்த நேரம் அங்க ஆள் குறைவப்பா" என்றார் மெதுவாக. அந்த நிலையிலும் அவர்களுக்காகத்தான் கதைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு குடும்ப டொக்டரிடம் நான் தனியாகப் போனேன். ஆஸ்பத்திரிக் கடிதம் அவருக்கு முன்னால் இருந்தது.

"இப்பிடி அபூர்வமா நடக்கும்" என்றார்.

"அண்டைக்குச் சேட்டை உயர்த்திப் பாத்திருந்தால், இரத்தம் எடுத்திருந்தால், இப்பிடி நடந்திருக்குமோ? உங்கட ஊர் ஆள் இதே நோவோட வந்திருந்தால் மன அழுத்தம் எண்டு அனுப்பியிருப்பீங்களோ?"

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த நாளே வேறு டொக்டரைத் தேடினோம்.

வசந்த காலத்தில் குடலைத் திரும்பவும் பொருத்திப் பையை எடுத்தார்கள். இவர் வேலைக்குத் திரும்பினார். மச்சாளோடு இப்போது கதைக்கிறேன், சாப்பிடவும் வருவா. முன்னையைப் போல இல்லை.

ஒரு வருடம் கழித்து, வேலையில் இவருக்கு விரல் வெட்டுப்பட்டது. தையல் போட அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கணினியில் பேரைத் தட்டியதும் அந்தப் பழைய கிருமியின் குறிப்பு வந்திருக்க வேண்டும், அங்கே இருந்த பெண்ணின் முகம் மாறியது. கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தா. எங்களை மற்ற ஆக்கள் இருந்த இடத்தில் இருக்க விடாமல் ஒரு தனி அறைக்கு அனுப்பி, கதவைச் சாத்தினா. இவர் துணி சுற்றிய விரலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை, அவையின்ர வேலை அது" என்றார்.

எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.