நிற்காத செபமாலை

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில்தான் எழுதப் படித்தேன். போனில் நீளமாகத் தட்ட வராது, அதனால் கொப்பியில் மெதுவாக எழுதிப் படம் எடுத்து நம் குழுவில் போடுகிறேன்.

போனில் நானாகக் கணினி நிரல் எழுதப் பழகுகிறேன். ஐந்தாம் பாடத்துக்குள் நான்கு நாளாக அடைபட்டுக் கிடந்தேன். ஒரு வரியைப் பத்துத் தடவை காட்டிவிட்டு நிரல் நிற்க வேண்டும். நான் "அருள் நிறைந்த மரியே" என்று போட்டேன்; செபமாலையில் பத்துத் தடவை சொல்வதுதானே. அது நிற்கவே இல்லை. நின்றால்தான் ஆறாம் பாடம் திறக்கும். "இது மிகச் சுலபம்" என்கிறார் வீடியோ வாத்தியார். நான் கேட்பது அவருக்குக் கேளாது.

இன்று காலை, மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, உங்கட போன் விடாமல் செபிக்குது? கோயிலில செபம் சொல்லிக் குடுக்கிற மூப்பரும் இவ்வளவு சொல்லமாட்டார்."

"பத்து வந்தால் நில் எண்டு சொன்னனான். நிக்குதில்லை."

"ஒவ்வொருக்காச் சொல்லேக்கையும் செபமாலை மணியைத் தள்ளச் சொன்னீங்களோ? தள்ளாட்டில் முதல் மணியிலதானே கிடக்கும்!"

எண்ணிக்கையில் ஒன்று கூட்டச் சொல்ல மறந்திருந்தேன். சேர்த்தேன். பத்தில் நின்றது! எங்கள் ஊர் பள்ளிமுனை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

இப்போது ஆறாம் பாடத்துக்குள் மாட்டிக்கொண்டேன். இதில் மனைவிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே வேறு யாராவது இருக்கிறீர்களா? வாற கிழமை வெளியே வந்தால் எழுதுகிறேன். வராவிட்டால் உள்ளேயிருந்தே எழுதுகிறேன்.