பூஜைத் தட்டில் போன லேப்டாப்

சிரம்பானில் உரக் கம்பெனி விற்பனையாளர் திருநாவுக்கரசுக்குப் புது லேப்டாப் வந்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பழையது அம்மிக்கல் கனம். மோட்டார் சைக்கிளில் மாட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்து, எஸ்டேட் செம்மண் சாலையில் அவரை உருட்டிவிடும். புதியதோ வாரப் பத்திரிகைத் தடிமன்தான். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, வெளியே தெரிகிறதா என்று மனைவி பஞ்சாலையைக் கேட்டார். தொப்பைதான் தெரிந்தது. அவள் சட்டையை இழுத்துவிட்டாள்.

முதலாளி வள்ளியப்பன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மந்தின் ஊருக்குப் பக்கத்திலுள்ள எஸ்டேட்டின் உர ஆர்டரைப் பிடித்தால் லேப்டாப் அவருக்கே. இல்லையென்றால் அது கோலாலம்பூர் விற்பனையாளருக்குப் போய்விடும்.

ஆயுத பூஜையன்று மோட்டாருக்கு மாலை போட்டு, லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டிட்டு, கற்பூரம் காட்டி முடித்த நேரத்தில் போன் அடித்தது. எஸ்டேட் மேனேஜர் ரசாலி மறுநாள் நீண்ட லீவில் போகிறாராம், இன்றே வரவேண்டுமாம். திருநாவுக்கரசின் கை லேப்டாப்பை நோக்கிப் போனது. பஞ்சாலை தட்டை நகர்த்திவிட்டாள்.

“பூஜையில வச்சத விடியறவரைக்கும் நீங்க தொடக்கூடாது லா.”

பாவம், மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பஞ்சாலைக்கு மனசு கேட்கவில்லை.

“தட்டோட நான் தூக்கிட்டு வாரேன். நீங்க கையக் கட்டிக்கிட்டு வாங்க.”

மோட்டாரும் பூஜையில் இருந்ததால் பஸ்ஸில் போனார்கள். பட்டுச்சேலை, ஒரு கையில் தட்டு. தட்டில் பூ, பழம், திருநீறு, லேப்டாப். பழையதாக இருந்தால் அவள் மணிக்கட்டு ஒடிந்திருக்கும். பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து வந்து பக்தியோடு திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார்கள்.

விற்பனையாளர்களைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிற ஆள் ரசாலி. தட்டைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்று பூஜை நாள், தன் கை படக்கூடாது, மேனேஜர் துவானே விசைகளைத் தட்டவேண்டும் என்று திருநாவுக்கரசு கையைக் கட்டிக்கொண்டு மலாயில் கேட்டுக்கொண்டார். மர வயது, மண் வகை, உர அளவு என்று அவர் சொல்லச் சொல்ல ரசாலி தட்டினார். திரையில் மகசூல் வண்ணக் கோடுகளாக எழும்பியது. உரத்தைக் குறைத்துத் தட்டினார், கோடுகள் படுத்துவிட்டன. கூட்டித் தட்டினார், எழுந்தன. பிறகு அவரை யார் நிறுத்துவது? கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டுக் காட்டினார். வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே ஆர்டரில் கையெழுத்தும் போட்டார். கொட்டாவி வரவேயில்லை.

விஜயதசமிக் காலையில் திருநாவுக்கரசுக்கு விரல் துறுதுறுத்தது. ஆனாலும் லேப்டாப்பைத் தட்டோடு பஞ்சாலை பக்கம் திருப்பி, முதலில் நீ தொடு என்றார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவர் காட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். திரையில் அவள் பெயர் வந்தது.

“அழிச்சிடாதீங்க,” என்றாள்.

அவர் அழிக்கவில்லை. கம்பெனியில் வள்ளியப்பன் அதைத் திறந்தபோதும் அந்தப் பெயர்தான் முதலில் நின்றது. யார் இது என்று அவர் கேட்டார்.

“ஆர்டரத் தூக்கிட்டு வந்த ஆளு, முதலாளி.”

வள்ளியப்பன் சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடி அவர் பக்கம் தள்ளினார்.