சேர்மன் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்த நாள்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு டிசம்பர் மாதம். மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் ரோடு பக்கம் இருந்த ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நெட்வொர்க் பொறுப்பில் இருந்தேன். பொறுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களுக்குக் குரோம்பேட்டையில் இன்னொரு கிளை. ரெண்டு இடத்திலும் கதிர்வீச்சு சிகிச்சை மெஷின் உண்டு. யாருக்கு, உடம்பில் எந்த இடத்தில், இதுவரை எவ்வளவு கதிர் கொடுத்திருக்கிறோம் என்ற விவரமெல்லாம் தாம்பரத்தில் தரைத்தளத்து சர்வர் ரூமில் சேமிப்பாகும். அதன் நகல் உடனுக்குடன் குரோம்பேட்டைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நடுவில் இருந்தது ஒரே ஒரு லைன். டாக்டர்கள் பேசும் போன், கண்காணிப்பு கேமரா படம், பில்லிங், வீடியோ மீட்டிங், இந்த நகல் எல்லாம் அதில்தான் போயாகணும். யார் முன்னால் போவது, யார் காத்திருப்பது என்று வரிசை போடுவது என் வேலை.

அதில்தான் சொதப்பினேன். கேமராவைப் பார்க்கும் அதிகாரி வந்து, எங்களுக்கு முதல் வரிசை கொடும்மா என்றார். கொடுத்தேன். பில்லிங்கில் கேட்டார்கள், கொடுத்தேன். மேனேஜர் வீடியோ மீட்டிங்குக்குக் கேட்டார், அதற்கும் தலையாட்டினேன். யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற நல்ல பிள்ளைப் புத்தி! எல்லாரும் முதல் வரிசையில் நின்றால் அது சாயங்காலத் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு மாதிரிதான், ஒருத்தரும் நகர முடியாது. வாய்விட்டுக் கேட்கத் தெரியாத நகலுக்கு மிச்சம் மீதிதான் கிடைத்தது.

வீடியோவில் கொஞ்சம் தகவல் வழியில் தொலைந்தால் படம் மங்கும், அவ்வளவுதான். நகலில் தொலைந்தால் விட்டதைத் திரும்ப அனுப்பணும். அடிக்கடி தொலைந்தால் தொடர்பே அறுந்து நகல் நின்றுவிடும்.

அன்றைக்கு மூன்றாவது நாள் மழை. முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்கு வந்து திரையைப் பார்த்தேன். நகல் முந்தின நாள் மதியமே நின்றிருந்தது. வெளியே நோயாளிகள் பெஞ்சில் கோவளத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா, ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தார். முப்பது நாள் சிகிச்சையில் இருபத்திரண்டு முடித்தவர்.

"இன்னாமா, மிஷின் ஓடுதா? கேளம்பாக்கம் சுத்தி வந்துக்கீறேன். எட்டு நாள்தான் பாக்கி. இப்ப நின்னுச்சுன்னா பேஜார்மா" என்றார்.

இங்கே மெஷினை மூடிவிட்டு எல்லாரையும் குரோம்பேட்டைக்கு அனுப்ப டாக்டர்கள் முடிவெடுத்திருந்தார்கள். ஆனால் விவரம் அங்கே போய்ச் சேராமல் சிகிச்சையைத் தொடர முடியாது. மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம் என்று நாட்கள் ஓடும். நடுவில் இடைவெளி விழுந்தால் அதுவரை பட்ட பாடு வீணாகலாம். எலக்ட்ரீஷியன் அண்ணா வேறு, தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பதால் பன்னிரண்டு மணிக்கு மேல் கரண்ட் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

உட்கார்ந்து எல்லாருடைய முதல் வரிசையையும் பிடுங்கினேன். போன் பேச்சுக்கு மட்டும் முன்னால் ஒரு சின்னப் பங்கு. அடுத்து, யாரும் கை வைக்க முடியாதபடி நகலுக்குப் பெரிய பங்கு. கேமரா, பில்லிங், வீடியோ எல்லாம் கடைசி. நகல் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பதினோரு மணிக்கு சேர்மன் எல்லாக் கிளைகளோடும் பேசும் வீடியோ மீட்டிங். பத்தாவது நிமிஷம் மேனேஜர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"சேர்மன் முகம் கட்டம் கட்டமா தெரியுதும்மா! உடனே மாத்து. அரை மணி நேரம்தானே, அப்புறம் உன் நகலைப் போட்டுக்கோ."

"மாத்த மாட்டேன் சார்."

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னாலும் மாத்த மாட்டேன். சேர்மனைப் போன்ல பேசச் சொல்லுங்க, போன் நல்லாத்தான் போகுது."

கை கீபோர்டை விட்டு நகரவில்லை. அவருக்கு பாஸ்வேர்டு தெரியாது, நானும் சொல்லவில்லை. எழுத்தில் விளக்கம் கொடுக்கணும் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

பதினொன்று ஐம்பதுக்கு நகல் முடிந்தது. அதற்குள் தண்ணீர் வாசற்படி தாண்டி ரூமுக்குள் வந்துவிட்டது. கரண்ட்டை நிறுத்தினோம். சாயங்காலம் பார்த்தபோது சர்வர் அலமாரியின் கீழ் இரண்டு அடுக்கும் தண்ணீருக்குள் இருந்தன. அதிலிருந்த எதுவும் அதற்கப்புறம் பிழைக்கவில்லை.

ரெண்டு நாள் கழித்துக் குரோம்பேட்டைக்குப் போயிருந்தேன். அந்த அக்கா இருபத்து மூன்றாவது சிகிச்சையை முடித்து, பஸ்காரனைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மெமோ வந்தது. ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் புத்தி சொன்னார்கள். நான் ரெண்டு வரி எழுதினேன். கேட்டவர்களுக்கெல்லாம் முதல் வரிசை கொடுத்தது என் தப்பு, அதற்கு வருந்துகிறேன். அன்றைக்கு மாற்ற மறுத்தது தப்பில்லை.

வேலை போகவில்லை. திமிர் பிடித்தவள் என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது, வேறு கம்பெனிக்கு மாறிய பிறகும் அது எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இருக்கட்டும். அதுவரை நல்ல பிள்ளையாக இருந்து நான் சம்பாதித்த பேரையெல்லாம்விட, அந்த ஐம்பது நிமிஷத்தில் வாங்கிக்கொண்ட கெட்ட பேர்தான் இன்றைக்கும் என்னைத் தலைநிமிர்ந்து நடக்க வைக்கிறது.