கடற்காற்றில் திறந்து வைத்த கம்ப்யூட்டர்

கோட்டைக்குப்பத்தில் ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறேன். பழைய கம்ப்யூட்டர் திணறியதால் அதன் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில் பிராசஸரின் வேகத்தைக் கூட்டினேன். சூடேறாமலிருக்க பெட்டியின் மூடியைக் கழற்றி, கடற்காற்று நேராக அடிக்கும் ஜன்னலோரம் வைத்தேன். வேகம் பிரமாதம்!

ஒருநாள், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கக் கூட்டம் நெருக்கியபோது கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்தது. உள்ளே ஃபேன் உப்பு பூத்து இறுகியிருந்தது. சூடு மிஞ்சினால் தானாக அணையும் பாதுகாப்பை நான் நீக்காததால் பிராசஸர் தப்பியது.

வாசலில் படகு இன்ஜினைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னாமே, இன்ஜினுக்குத் தெனம் உப்பு கழுவுறோம், இத்த மட்டும் தொறந்து போட்டுக்கீறியே!"

ஃபேனை மாற்றினேன். இப்போதும் வேகம் கூட்டித்தான் ஓட்டுகிறேன். ஆனால் கொஞ்சங்கொஞ்சமாக, சூட்டைப் பார்த்துப் பார்த்து. பெட்டி மூடியோடு உள்சுவரோரம் இருக்கிறது. ஜன்னலோரம் என் நாற்காலிக்கு.