சரியான விடை: கவனக்குறைவு

நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில், துப்புரவு செய்கிற பெண்ணின் கையில் யாருக்கோ போட்ட ஊசி குத்திவிட்டது. மறுவாரமே எங்கள் கம்பெனிக்கு வேலை வந்தது: துப்புரவுப் பணியாளர்களுக்கு இருபது நிமிடக் கம்ப்யூட்டர் பாடம் ஒன்று.

நான் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர். யார் எதைக் கற்க வேண்டும், எந்த வரிசையில் கற்க வேண்டும், கடைசியில் என்ன கேட்டால் கற்றது தெரியும் என்று தீர்மானிப்பது என் வேலை. கழக்கூட்டத்தில், எங்கள் கம்பெனியின் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, பார்த்தேயிராத ஆட்களுக்கு ஏழு வருடம் பாடம் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு அசிங்கமும் எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டே நாளில் இந்தப் பாடத்தையும் எழுதிவிட்டேன். சிவப்புக் கையுறை போட்டுச் சிரிக்கிற கார்ட்டூன் சேச்சி ஒருத்தி. சரியான விடைக்குக் கைதட்டல். தவறான விடைக்கு, சர்க்கஸ் கோமாளி விழும்போது வருமே, அந்த ஊதல் சத்தம். அதைத் தேடி எடுக்க ஒரு மதியம் முழுவதும் செலவழித்தேன். டீம் லீட் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மருத்துவமனைக்கு நான் போனதே ஒரு படத்துக்காகத்தான். குப்பை அறையில் பைகள் எப்படி வைக்கப்பட்டிருக்கும் என்று வரைபவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கரமனையிலுள்ள என் வீட்டிலிருந்து நேரே பஸ் பிடித்துப் போனேன்.

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மஞ்சள் பைகள் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தன. ஒன்றின் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து என் செருப்பு வரை ஓடி வந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பை கட்டிக்கொண்டிருந்த பெண் அதைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். கையுறையின் விரல்நுனி கிழிந்து, அதன் மேல் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஊசி குத்தியது அவருக்குத்தான்.

“ரெண்டு நாளுல மூக்குக்குப் பழகிரும் மக்ளே,” என்றார். எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்.

“பையைக் கட்டறதுக்கு முன்னாடி என்ன பார்ப்பீங்க அக்கா?” என்று கேட்டேன். என் பாடத்தின் முதல் பக்கம் அதுதான்.

“பாக்கதுக்கு என்ன இருக்கு? கேக்கணும்.” ஒரு பையைத் தூக்கி மெல்லக் குலுக்கிக் காதருகே கொண்டுபோனார். “கிலுக்குன்னு சத்தம் வந்தா உள்ள ஊசி கெடக்கு. மாத்தி வச்சிருவேன். அன்னைக்கு சத்தம் வரல்ல. பஞ்சுக்க உள்ள பொதிஞ்சு கெடந்து.”

“ஊசிக்குத் தனியா வெள்ளை டப்பா உண்டே?”

வார்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். டப்பா வாய்வரை நிறைந்து, ஊசிகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

“வார்டுக்கு இது ஒண்ணுதான். நெறஞ்சா மாத்த ஆளில்ல. நர்சு பிள்ளையளு பின்ன எங்க கொண்டு போடும்? டாக்டருமாரு கட்டில்லயே போட்டுட்டுப் போவாவ. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுன்னா பாடம் எடுக்கப் போறிய?”

ஆட்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் செய்ய வழியில்லையா என்பதுதான் எங்கள் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. புதிதாகச் சேருபவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேட்காமலே பாடத்தை முடித்திருந்தேன்.

இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். டப்பாக்கள் கூடுதலாக வேண்டும், அவற்றை மாற்ற ஆள் வேண்டும், பாடம் வேண்டுமென்றால் அது நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும்தான். மருத்துவமனையின் தர மேலாளர் அதைப் படித்துச் சிரித்தார். “டாக்டர்மாரைப் பிடிச்சிருத்திப் படிப்பிக்கான் பற்றுமோ?” டாக்டர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்த முடியுமா என்று மலையாளத்தில் கேட்கிறார். ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்ட அவருக்கு ஒரு ரெக்கார்டு வேண்டும், அவ்வளவுதான். பாடத்தில் ஒரு கேள்வியும் சேர்க்கச் சொன்னார்: ஊசி குத்தக் காரணம் என்ன? சரியான விடை: பணியாளரின் கவனக்குறைவு.

“அது பொய்,” என்று டீம் லீடிடம் சொன்னேன்.

“கேள்வி எப்படிப் பொய்யாகும்? நாலு ஆப்ஷன் இருக்கில்லே? அவங்க கேட்டது கோர்ஸ். கொடுத்துட்டு அடுத்த வேலையைப் பாரு, கேட்டியா.”

கொடுத்தேன். தவறான விடைகளும் உண்மை போலத் தோன்ற வேண்டும் என்பது எங்கள் விதி. இந்தத் தடவை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உண்மையையே தவறான விடையாக எழுதினேன்: ‘டப்பா நிறைந்திருந்தது.’

பாடத்தைத் தொடங்கிய அன்று மருத்துவமனையில் ஓர் அறையில் பெண்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். சூப்பர்வைசர் மலையாளத்தில் கேள்விகளை வாசிக்க, ஒவ்வொருவராக வந்து மௌஸை அழுத்தினார்கள். ஊசி குத்திய அந்த அக்காவின் முறை வந்தது. கடைசிக் கேள்வியில் கொஞ்சமும் தயங்காமல் டப்பாவை அழுத்தினார்.

கோமாளிச் சத்தம் எழுந்தது. மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். திரையில் சிவப்பாக, தவறு, மீண்டும் முயற்சி செய்யுங்கள் என்று வந்தது.

திரும்பி என்னைப் பார்த்தார். “இது நீங்களா எழுதினிய மக்ளே?”

“ஆமா அக்கா.”

திரையின் பக்கம் திரும்பினார். கவனக்குறைவை அழுத்தினார். கைதட்டல் கேட்டது. நான் வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவினேன்.

அந்தக் கேள்வியை எடுத்துவிடலாமா என்று கம்பெனியில் எழுதிக் கேட்டேன். கிளையன்ட் ஒப்புதல் தந்தாகிவிட்டது, தொடக்கூடாது என்றார்கள். யாரிடமும் சொல்லாமல் அந்தச் சத்தத்தை மட்டும் நீக்கினேன். அதற்கே எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

அதன்பிறகு இடத்தைப் பார்க்காமல் எதையும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் சில வேலைகள் வேறு டிசைனர்களுக்குப் போயின. புதிய கிளையன்ட் வந்தால் டீம் லீட் இன்றும் அந்தப் பாடத்தைத்தான் மாதிரியாகக் காட்டுகிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இப்போதெல்லாம் என்னை விளக்கக் கூப்பிடுவதில்லை.

சில மாதம் கழித்துப் பழவங்காடியில், தேங்காய்க் கடைக்கு முன்னால் அந்த அக்காவைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லையாம். வேலையை விட்டுவிட்டு ஒரு ஃபிளாட்டில் படிக்கட்டு துடைக்கிறாராம். அந்தக் கேள்விக்காக மன்னிப்புக் கேட்டேன்.

“செரி,” என்றார். “அதைச் சொல்லி இனி எனக்கு என்ன மக்ளே?”

கோபமாகச் சொல்லவில்லை. ஏதாவது பதில் இருந்தால் சொல் என்பது போல, கொஞ்ச நேரம் காத்துக்கொண்டுகூட நின்றார்.